தித்திவங்சா மலை எழுந்த கதை

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியாகப் பெந்தோங் செல்லும் பேருந்து, நகரத்தைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே மலையேறத் தொடங்கிவிடும். சாலை அமைப்பதற்காக வெட்டப்பட்ட சரிவுகளில் சாம்பல் நிறக் கருங்கல் தெரியும். அருகில் சென்று பார்த்தால் அதனுள் வெள்ளை, கறுப்பு, கண்ணாடி நிறம் எனப் பல படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம். படிகங்கள் இப்படிப் பின்னி வளர வேண்டுமானால், அந்தக் கல் ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்து, மிக மெதுவாக ஆறியிருக்க வேண்டும்.

மலையைக் கடந்து மறுபுறம் இறங்கினால் கல் மாறிவிடுகிறது. பெந்தோங், காராக் வட்டாரத்துச் சாலையோரங்களில் சில இடங்களில் விரல் கனமுள்ள அடுக்குகளாகக் கடினமான கல் தெரிகிறது. அந்த அடுக்குகள் நேராக இல்லை. காலால் தள்ளிய பாய் சுருங்கி மடிவதைப் போல அவை மேலும் கீழும் மடிந்து கிடக்கின்றன. அந்தக் கல்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்களின் கூடுகள் தெரியும். அது ஆழ்கடலின் அடித்தளத்தில் படிந்த கல்.

ஒருபுறம் உருகி உறைந்த கல். மறுபுறம் பிழியப்பட்டு மடிந்த கடலடிக் கல். இவை இரண்டும் ஏன் அருகருகே இருக்கின்றன? இமயமலையிலும் ஆல்ப்ஸ் மலையிலும் இதே இணையைக் காண முடிகிறது. மலை பிறக்கும்போது நிலம் நெருக்கப்படுகிறது. அதே வேளையில் நிலத்தடியில் பாறை உருகுகிறது. நெருக்கல் உருகலுக்குக் காரணமா, உருகல் நெருக்கலுக்குத் துணையா? கோழி முந்தியா முட்டை முந்தியா என்பது போன்ற இக்கேள்விக்கு விடை தேட, தித்திவங்சா மலைத்தொடர் நல்ல இடம்.

இரண்டு நிலத்துண்டுகளும் ஒரு கடலும்

இன்று ஒரே நிலமாகத் தெரியும் தீபகற்ப மலேசியா, முற்காலத்தில் இரண்டு தனித்தனி நிலத்துண்டுகளாக இருந்தது. மேற்குப் பகுதி ‘சிபுமாசு’ என்னும் நீண்ட நிலத்துண்டைச் சேர்ந்தது. சீனா, பர்மா, மலாயா, சுமத்திரா ஆகிய பெயர்களின் முதற்பகுதிகளைக் கோத்து அறிஞர்கள் இதற்குப் பெயரிட்டனர். கிழக்குப் பகுதி இந்தோசீனாவோடு சேர்ந்திருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு பெருங்கடல் விரிந்து கிடந்தது.

சிபுமாசு, தெற்கே ஆஸ்திரேலியாவை ஒட்டிக் குளிர்ந்த கடற்பகுதியில் இருந்தது. இதற்கான சான்று லங்காவியில் இருக்கிறது. அங்குள்ள பழைய சேற்றுப் பாறையில், மிதந்து வந்த பனிக்கட்டிகள் உருகியபோது உதிர்ந்து விழுந்த கூழாங்கற்கள் பதிந்துள்ளன. கிழக்கு நிலத்துண்டிலோ வெப்பமண்டலத் தாவரங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பனிக்கட்டி மிதந்த கடலும் பசுமையான காடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்க இயலாது. எங்கோ தொலைவில் இருந்த நிலம் நகர்ந்து வந்து சேர்ந்திருக்கிறது.

இடையிலிருந்த கடலின் தரை, கிழக்கு நிலத்துண்டின் அடியில் சிறிது சிறிதாகப் புகுந்து அமிழ்ந்தது. அமிழ்ந்த தரையிலிருந்து வெளியேறிய நீர், அதற்கு மேலே இருந்த சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்தது. அதனால் அங்கே பாறைக்குழம்பு உருவாகி, எரிமலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றின் அடியில் உறைந்த கருங்கல்லில் ஒரு பகுதிதான் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்–சிங்கப்பூர் கடற்பாலத்திற்குப் புக்கிட் தீமாவிலிருந்தும் புலாவ் உபின் தீவிலிருந்தும் வெட்டியெடுத்த கருங்கல்லே பயன்பட்டது.

கடல் முழுவதும் அமிழ்ந்து முடிந்ததும் இரண்டு நிலத்துண்டுகளும் மோதிக்கொண்டன. இது 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட டிரையாசிக் காலத்து நிகழ்ச்சி. கிழிந்த இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்தால் தையல் தெரிவதைப் போல, மோதல் நடந்த இடம் இன்றும் தெரிகிறது. பெந்தோங், ரவுப் ஆகிய ஊர்கள் வழியாக வடக்கு தெற்காக ஓடும் இந்தத் தையலைப் ‘பெந்தோங்–ரவுப் பொருத்து வலயம்’ என்கின்றனர். சாலையோரத்தில் மடிந்து கிடக்கும் கடலடிக் கல், அந்தத் தையலில் சிக்கிக்கொண்ட பழைய கடலின் மிச்சம்.

அம்மியும் நகரும்

கல் உடையும் என்பது அனைவருக்கும் தெரியும். அது எப்படி மடியும்? ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்னும் பழமொழி இங்கே பொருந்துகிறது. நிலத்தின் மேற்பரப்பில் குளிர்ந்திருக்கும் பாறையை நெருக்கினால் அது உடைந்து பிளவுபடும். அதே பாறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் சூடாக இருக்கும். அங்கே இலட்சக்கணக்கான ஆண்டுகள் இடைவிடாமல் நெருக்கினால் அது உடையாமல் வளைந்து கொடுக்கும். இவ்வாறு பாறை உடைவதையும் மடிவதையும் வழுக்கி நகர்வதையும் சேர்த்துப் புவி மேலோட்டின் ‘உருத்திரிபு’ என்பர்.

நிலத்தட்டுகள் ஓராண்டில் சில சென்டிமீட்டர் தூரமே நகர்கின்றன. விரல் நகம் வளரும் வேகத்தோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் என்றால், 10 இலட்சம் ஆண்டுகளில் 50 கிலோமீட்டர் ஆகிவிடும். இத்தனை நிலத்தையும் குறுகிய இடத்திற்குள் நெருக்கினால் அது எங்கே போகும்? பாறை அடுக்குகள் மடிகின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. புவி மேலோடு தடிக்கிறது. சாதாரணமாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தடிப்புள்ள கண்ட மேலோடு, இமயமலைக்கு வடக்கே திபெத்தின் அடியில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தடிப்பாக இருக்கிறது. மேலே தெரியும் மலை, இந்தத் தடிப்பின் சிறு பகுதியே. பெரும்பகுதி மரத்தின் வேரைப் போலக் கீழே இறங்கியிருக்கிறது.

நெருக்கல் உருகலைத் தூண்டுகிறது

நிலத்தினுள் கீழே செல்லச் செல்ல வெப்பம் கூடும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை உயரும். ஒரு பாறை அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு ஏறி அமர்ந்தால், கீழே உள்ளது மேலும் ஆழத்துக்குத் தள்ளப்படுகிறது. அத்துடன் கருங்கல்லிலும் களிமண் பாறையிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்கள் மிகச் சிறிதளவில் உள்ளன. இவை சிதையும்போது வெப்பத்தை வெளியிடுகின்றன. மேலோடு இருமடங்கு தடித்தால், வெப்பம் தரும் பாறையும் கூடுகிறது. வெப்பம் வெளியேற வேண்டிய வழியும் நீள்கிறது. கனத்த போர்வையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்துக்கொண்டவருக்குப் புழுங்குவது போல, தடித்த மேலோட்டின் அடிப்பகுதியும் சூடாகிறது.

ஆனால் பாறை பெரிய பொருள்; அது மெதுவாகத்தான் சூடேறும். மோதல் தொடங்கி ஒரு கோடி, இரண்டு கோடி ஆண்டுகள் கழித்தே உருகல் வலுப்பெறும். இமயமலை இதற்குச் சான்று. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆனால் மக்காலு, மனஸ்லு ஆகிய சிகரங்களில் காணப்படும் வெண்ணிறக் கருங்கல் உறைந்தது பெரும்பாலும் 2½ கோடி முதல் 1½ கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். முதலில் நெருக்கல், நெடுங்காலம் கழித்து உருகல்.

பாறை முழுவதும் ஒரே நேரத்தில் உருகிவிடுவதில்லை. களிமண்ணிலிருந்து உருவான பாறையில் அபிரகம் என்னும் கனிமம் உண்டு. அதன் படிக அமைப்புக்குள் நீர் அடங்கியிருக்கிறது. வெப்பம் 700 பாகையைத் தாண்டும்போது அபிரகம் சிதைந்து நீரை விடுகிறது. அந்த நீர் அருகிலுள்ள கனிமங்களை உருகச் செய்கிறது. உருகாத கனிமங்களின் இடுக்குகளில் முதலில் துளித்துளியாகக் குழம்பு தோன்றுகிறது. இதுவே பாறைக்குழம்பு, இதனை ‘மாக்மா’ என்றும் அழைப்பர்.

தித்திவங்சாவின் கருங்கல் பெரும்பாலும் இப்படித் தடித்த மேலோட்டின் பழைய படிவுப் பாறைகள் உருகியதால் பிறந்தது என்பது நெடுநாளாகக் கூறப்படும் விளக்கம். மோதலுக்குப் பின் அமிழ்ந்த கடல்தரை அறுந்து விழ, கீழிருந்து மேலெழுந்த வெப்பமும் துணைசெய்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இரண்டு விளக்கங்களிலும் மோதலே தொடக்கம்.

குழம்புக்கு வழிவிடும் பிளவுகள்

இடியாப்பம் பிழியும்போது மாவு தானாக அச்சிலிருந்து வெளியேறுவதில்லை. கை அழுத்த வேண்டும். வெளியேறத் துளைகளும் வேண்டும். நிலத்தடியிலும் அப்படித்தான். துளித்துளியாகத் தோன்றிய குழம்பை, நிலத்தை நெருக்கும் அதே விசை பிழிந்தெடுக்கிறது. குழம்பு, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிப் போகிறது. மடிப்புகளின் வளைவுகளிலும், நீண்டு இழுபட்ட அடுக்குகளின் இடைவெளிகளிலும் அது சேர்கிறது. சிற்றோடைகள் கூடி ஆறாவதைப் போல, நூலிழை போன்ற கோடுகள் சேர்ந்து அகன்ற வழிகளாகின்றன. குழம்பு சுற்றியுள்ள திடப்பாறையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இலேசானது என்பதால் மேல்நோக்கிச் செல்லும் இயல்பும் அதற்கு உண்டு.

இங்கே ஒரு பெரிய சிக்கல் எழுகிறது. தித்திவங்சா மலைத்தொடர் ஏறக்குறைய 480 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பெரும்பகுதி கருங்கல். திடமான பாறைக்குள் இத்தனை குழம்புக்கு இடம் எங்கிருந்து கிடைத்தது? இந்தக் கேள்வி புவியியலாளர்களை நூறாண்டுகளுக்கும் மேலாகச் சிந்திக்க வைத்தது.

இதற்குக் கிடைத்த விடைகளில் முதன்மையானது பிளவுகளைப் பற்றியது. நிலத்துண்டுகள் ஒன்றையொன்று உரசிச் செல்லும் பெரிய பிளவு, நேர்க்கோடாக இருப்பதில்லை. அது வளையும் இடங்களில் ஒருபுறம் நெருக்கமும் மறுபுறம் இடைவெளியும் உண்டாகும். அந்த இடைவெளி திறக்கத் திறக்கக் குழம்பு அதை நிரப்புகிறது. சில இடங்களில் குழம்பு மேலுள்ள பாறையைத் தூக்குகிறது. சில இடங்களில் கூரைப் பாறை துண்டு துண்டாக உடைந்து குழம்புக்குள் விழுகிறது.

இன்னொரு விடை, குழம்பு ஒரே தடவையில் வந்து நிரம்புவதில்லை என்பது. சபாவின் கினாபாலு மலையே இதற்கு எடுத்துக்காட்டு. 4,095 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் கருங்கல் மிக இளையது. அது ஏறக்குறைய 80 இலட்சம் முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு உறைந்தது. ஒரே மலையாகத் தோன்றினாலும், அது பல தவணைகளில் வந்து தட்டுத்தட்டாக உறைந்த குழம்பினால் ஆனது. தவணை முறையில் வந்ததால் ஒவ்வொரு முறையும் தேவைப்பட்ட இடம் சிறியதே.

உருகல் நெருக்கலை மாற்றுகிறது

இதுவரை கூறியது கதையின் ஒரு பாதி. நெருக்கல் குழம்பை உருவாக்கியது. அதற்கு வழியையும் இடத்தையும் கொடுத்தது. மறு பாதியில் குழம்பு நெருக்கலின் போக்கையே மாற்றுகிறது.

எள்ளுருண்டை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வறுத்த எள்ளில் வெல்லப்பாகு சிறிதளவே ஊற்றுகிறார்கள். பாகு சூடாக இருக்கும்வரை எள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். கையால் எந்த உருவத்திலும் பிடிக்கலாம். ஆறிவிட்டால் அதே பாகு எள்ளை இறுக்கிப் பிணைத்துக்கொள்ளும். பல்லால்தான் உடைக்க வேண்டும்.

பாறையில் குழம்பு செய்வதும் இதுவே. ஆய்வுக்கூடத்தில் பாறையைச் சூடாக்கி அழுத்திப் பார்த்தபோது, நூற்றுக்கு ஏழு பங்கு உருகும் நிலையை நெருங்குவதற்குள்ளேயே அதன் வலிமை வெகுவாகக் குறைந்துவிட்டது. குழம்பு படிகங்களின் இடுக்குகளில் பரவி அவற்றை வழுக்கச் செய்வதே காரணம். ஆகவே, குழம்பு தோன்றிய இடத்தில் மேலோடு தளர்கிறது. தளர்ந்த இடத்திலேயே அடுத்த நகர்வும் நடக்கிறது. நகர்வு புதிய இடைவெளிகளைத் திறக்கிறது. அவற்றில் மேலும் குழம்பு சேர்கிறது. நெருக்கலும் உருகலும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

திபெத்தின் அடியில் 15 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் பாதி உருகிய பாறை இருப்பதற்கான அறிகுறிகளை, 1990களில் அதிர்வலைகளைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. அவ்வளவு பெரிய பீடபூமி ஏறக்குறைய மட்டமாக இருப்பதற்கு அடியிலுள்ள இந்தத் தளர்ச்சியும் ஒரு காரணம் என்பது பலரின் கருத்து. தளர்ந்த அடித்தளம், செங்குத்தான பெருமலையை நெடுநாள் தாங்காமல் பக்கவாட்டில் பரவிவிடும்.

குழம்பு ஆறியதும் நிலைமை தலைகீழாகிறது. இளகியிருந்த இடம் மலையிலேயே மிக உறுதியான இடமாகிவிடுகிறது. அடுத்த நெருக்கல் வரும்போது அந்தக் கருங்கல் வளைய மறுக்கும். பக்கத்திலுள்ள மெல்லிய பாறையே மடியும். மேலும் நெருக்கினால் கருங்கல் உடைந்து பிளக்கும். கோலாலம்பூரின் வடகிழக்கே 14 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருக்கும் கிள்ளான் கேட்ஸ் முகடு அப்படிப்பட்ட பிளவொன்றின் தடயம். கருங்கல் உறைந்த பிறகு அதில் விழுந்த நீண்ட பிளவில் சிலிக்கா கரைந்த வெந்நீர் ஏறி, வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லாகப் படிந்தது. சுற்றியிருந்த பாறை கரைந்து போன பின்னும் அந்தக் குவார்ட்ஸ் சுவரைப் போல நிமிர்ந்து நிற்கிறது.

கல்லிடம் கேட்டறிதல்

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எது முதலில் நடந்தது என்பதை எப்படி அறிவது? இதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன். அக்காலத்தில் பலர், கருங்கல் பழங்காலக் கடல்நீரிலிருந்து முதன்முதலாகப் படிந்த கல் என்று நம்பினர். 1785இல் கிளென் டில்ட் என்னும் பள்ளத்தாக்கில் ஹட்டன் வேறொன்றைக் கண்டார். சிவந்த கருங்கல், பழைய பாறை அடுக்குகளை வெட்டிக்கொண்டு நரம்புகளைப் போல உள்ளே புகுந்திருந்தது. வெட்டுப்பட்ட கல் முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும்; வெட்டிய கல் பிறகு உருகிய நிலையில் வந்திருக்க வேண்டும்.

ஹட்டன் கண்ட அந்த விதியைக் கொண்டே இன்றும் மாணவர்கள் சாலையோரப் பாறையைப் படிக்கலாம். அங்கே மூன்று நிலைகளைக் காண வாய்ப்புண்டு.

1. கருங்கல் நரம்பு, மடிப்புகளை நேராக வெட்டிச் சென்றால், மடிப்பு முதலில்; குழம்பு பிறகு.

2. பாறையோடு சேர்ந்து நரம்பும் மடிந்திருந்தால், குழம்பு முதலில், நெருக்கல் பிறகு.

3. நரம்பின் ஒரு பகுதி மடிந்தும், அதே குழம்பின் இன்னொரு பகுதி மடிப்பை வெட்டியும் சென்றால், இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன.

படிகங்களும் பேசும். தித்திவங்சாவின் கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெண்ணிறக் கனிமம் பெரிய கட்டங்களாக வளர்ந்திருக்கும். அவை எல்லாத் திசையிலும் சிதறிக் கிடந்தால், குழம்பு அமைதியாக உறைந்தது எனலாம். ஆற்றில் மிதக்கும் மரக்கட்டைகளைப் போல ஒரே திசையில் அணிவகுத்திருந்தால், உறையும்போதே அது நகர்ந்துகொண்டிருந்தது எனலாம். படிகங்கள் உடைந்தும் நசுங்கியும் இருந்தால், உறைந்த பின்னர் நெருக்கல் வந்தது என்று பொருள்.

ஆண்டுக்கணக்கைச் சொல்வது சிர்க்கான் என்னும் மிகச் சிறிய கனிமம். குழம்பு உறையும்போது சிர்க்கான் தனக்குள் யுரேனியத்தை அடைத்துக்கொள்கிறது. யுரேனியம் மாறாத வேகத்தில் காரீயமாக மாறும். இரண்டும் எந்த அளவில் உள்ளன என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். இந்த முறையில் அளந்தபோது, தித்திவங்சாவின் கருங்கல் ஏறக்குறைய 22 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்தது என்று தெரியவந்தது. கிழக்குப் பகுதியின் எரிமலைக் காலத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி அதைவிடப் பழையது. கடல் அமிழ்தல், மோதல், உருகல் என்னும் வரிசைக்கு இந்த எண்கள் பொருந்துகின்றன.

இன்றும் தொடரும் விளைவுகள்

இந்தப் பழங்கதை இன்றைய வாழ்க்கையோடும் தொடர்புடையது. குழம்பு உறையும் கடைசிக் கட்டத்தில் எஞ்சிய வெந்நீரில் வெள்ளீயம் போன்ற அரிய உலோகங்கள் சேர்ந்திருந்தன. நெருக்கலால் உண்டான பிளவுகள் அந்த நீருக்கு வழிவிட்டன. அங்கே படிந்த வெள்ளீயக் கனிமம், மலை தேயத் தேய உதிர்ந்து பள்ளத்தாக்குகளின் மணலில் சேர்ந்தது. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளேடாங் என இருபுறமும் கருங்கல் மலைகள். அடியிலோ குழம்பின் வெப்பத்தால் சலவைக்கல்லாக மாறிய சுண்ணாம்புக்கல். அதன் குழிகளில் தங்கிய வெள்ளீயத்தால் ஈப்போ வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மலாயா உலகின் மிகப் பெரிய வெள்ளீய உற்பத்தி நாடாக விளங்கியது. 1985இல் விலை சரிந்தபோது சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன; பலர் வேலை இழந்தனர். நீர் நிறைந்த பழைய ஈயக் குட்டைகள் இன்றும் அங்கே உள்ளன.

பழைய பிளவுகள் வழியாக மழைநீர் ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, வெந்நீர் ஊற்றாக மேலே வருகிறது. தீபகற்பத்தில் எரிமலை ஏதும் இல்லாவிடினும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதன் காரணம் இதுவே. சிங்கப்பூரின் செம்பவாங் ஊற்றில் நீர் ஏறக்குறைய 70 பாகை சூட்டில் வெளிவருகிறது.

எச்சரிக்கையும் உண்டு. வெப்பமும் மழையும் மிகுந்த இந்நாட்டில் கருங்கல் மெல்ல மெல்ல மக்கி, பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகிவிடுகிறது. அதனுள் பழைய பிளவுகளின் கோடுகள் மறைந்து கிடக்கும். சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பி, மழைநீர் வடிய வழி செய்யாவிட்டால் மண் சரியும். 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் மலைச்சரிவை ஒட்டியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 48 பேர் உயிரிழந்தனர். மலை எப்படிப் பிறந்தது என்று அறிவது, அதன்மேல் எங்கே வாழலாம், எங்கே வாழக்கூடாது என்று முடிவு செய்யவும் தேவைப்படுகிறது.

வேரின்மேல் நடப்பவர்கள்

தித்திவங்சாவின் மிக உயரமான சிகரமான கொர்பு மலை 2,183 மீட்டர் உயரமுடையது. ஆனால் மோதல் நடந்த காலத்தில் எழுந்த மலையின் உச்சி இது அன்று. அந்த உச்சியை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கடலில் சேர்த்துவிட்டன. மேலே இருந்த பாரம் குறையக் குறைய, சரக்கு இறக்கிய தோணி நீரில் உயர்வதைப் போல, கீழே இருந்த பாறை மெல்ல உயர்ந்தது. நிலத்தின் ஆழத்தில் உருகி, நெருக்கலுக்கு வளைந்து கொடுத்து, இறுதியில் இறுகிய கல்லே இன்று மேலே தெரிகிறது.

ஆகவே, கேமரன் மலைக்கோ கெந்திங் மலைக்கோ சுற்றுலா செல்லும் மாணவர்கள் நிற்பது பழைய மலையின் வேரின்மேல். கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற கேள்விக்கு அந்த வேர் கூறும் விடை இதுதான்: தொடங்கி வைத்தது நெருக்கல், ஆனால் உருகலின் துணையின்றி மலை முழுமை பெறவில்லை. அடுத்த முறை சாலையோரத்தில் ஒரு கருங்கல் நரம்பைக் காணும்போது, அது மடிப்பை வெட்டுகிறதா, மடிப்போடு வளைகிறதா என்று உற்றுப் பாருங்கள். கல்லே தன் கதையைக் கூறிவிடும்.

அருஞ்சொற்பொருள்

புவி மேலோடு – பூமியின் வெளிப்புறத் திடப்பகுதி
உருத்திரிபு – அழுத்தத்தால் பாறையின் வடிவம் மாறுதல்
பாறைக்குழம்பு – நிலத்தடியில் உருகிய பாறை, மாக்மா
ஊடுருவல் – குழம்பு வேறொரு பாறைக்குள் புகுந்து உறைதல்
பொருத்து வலயம் – இரண்டு நிலத்துண்டுகள் இணைந்த இடம்
அபிரகம் – மெல்லிய ஏடுகளாகப் பிரியும் பளபளப்பான கனிமம்
புதைபடிவம் – பாறையில் பதிந்துள்ள பழைய உயிர்களின் எச்சம்

சிந்தித்து விடை எழுதுக

1. தீபகற்ப மலேசியா முன்பு இரண்டு நிலத்துண்டுகளாக இருந்தது என்பதற்குப் பகுதியில் கூறப்படும் இரண்டு சான்றுகளை எழுதுக.

2. மேலோடு தடிப்பதால் அதன் அடிப்பகுதி சூடாவது ஏன்?

3. எள்ளுருண்டை உவமை, பாறைக்குழம்பின் எந்த இரண்டு இயல்புகளை விளக்குகிறது?

4. ஒரு பாறையில் கருங்கல் நரம்பும் மடிப்பும் காணப்படுகின்றன. எது முதலில் நடந்தது என்பதை எவ்வாறு கண்டறிவாய்?

5. ‘மலை பிறந்த கதையை அறிவது இன்றைய வாழ்வுக்கும் தேவை.’ இக்கூற்றை மூன்று எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.